அம்புக்குறி

எண்பத்தெட்டு, எண்பத்தெட்டாம், துடிப்பு அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கினால்தான் ஸ்கேன் அறைக்குள் விடுவார்களாம், அதற்கு மேல் துடித்தால் இதயம் படத்தில் கலங்கிப்போய்விடுமாம், ஓடுகிற பிள்ளையைப் படம் எடுத்தால் மூஞ்சி தெரியாதில்லையா அந்த மாதிரி என்று நர்ஸ் விளக்கம் வேறு சொல்லிவிட்டு, விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றிக்கொண்டே, "மனச லேசா வெச்சுக்குங்கம்மா, கோபம் கீபம் படாம உக்காருங்க, தானா எறங்கிடும்" என்று போய்விட்டாள். கோபப்படாமல் உட்காருவதாம். எதை நினைத்துக்கொண்டு உட்காருவது? நேற்று சாயங்காலத்திலிருந்து டீ கூடாது என்றார்கள், குடிக்கவில்லை, காலையிலிருந்து வயிறு காய்கிறது, வலது முழங்கையின் உள்பக்கம் ஊசியைக் குத்திப் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், மருந்து அதன் வழியாகத்தான் ஏறுமாம், கையை மடக்கக் கூடாதாம். முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற நீல அங்கியில் ஒரு கயிறு பிய்ந்து போயிருந்தது, அந்த இடத்தில் தையல் இரண்டு அங்குலம் விட்டிருந்தது, எவள் பாஸ் பண்ணி அனுப்பினாள் இதை என்று அவள் விரல் துறுதுறுத்தது. பழக்கம் விடுமா? ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கடைசி மேசை அவளுடையது, தைத்து முடித்த ஒவ்வொரு சட்டையும் அவள் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும், நூல் விட்டிருந்தால், காலர் இம்மி கோணியிருந்தால், பொத்தான் துளை விலகியிருந்தால், நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்துக் குறைக்கு நேராக ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பத்தொன்பது வருஷமாக அம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பதினான்கு மாதத்தில் அவளுக்கு எங்கே கோளாறு என்று அம்பு ஒட்டிக் காட்டத்தான் ஆளில்லை.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர், மடியில் ஃபைல், ஃபைல் மேல் கைபேசி, எதிரே இருந்தவரிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார், எங்கே போனாலும் அவருக்கு ஓர் ஆள் கிடைத்துவிடும். இப்போது படம் காட்டுவார் பார், என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் காட்டிவிட்டார். "இதாங்க என்னோடது. மூணு வருஷம் ஆச்சு. அந்த அம்பு காட்டுதில்ல, அந்த எடம்தான், தொண்ணூறு பர்சென்ட் அடைப்பு." தொண்ணூறைச் சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு, பரீட்சையில் வாங்கின மார்க்கு மாதிரி. எதிரே இருந்தவர் "அடேங்கப்பா" என்றார், சொல்ல மாட்டாரா பின்னே. கறுப்பு வெள்ளையில் கிளை பிரிந்து ஓடும் ரத்தக்குழாய், ஓரிடத்தில் நூலாக இளைத்திருக்கும், அதற்கு நேராக ஒரு வெள்ளை அம்பு. அந்தப் படத்தைப் பார்க்காத சொந்தக்காரர் கிடையாது, கியாஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூடப் பார்த்திருக்கிறார். அவருக்கு வலி வந்தது ஒரு காலையில், பல் விளக்கும்போது, பிரஷ்ஷைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தார், அவ்வளவுதான், வீடே தலைகீழாயிற்று, மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, படம் எடுத்து, அம்பு போட்டு, அம்பு காட்டிய இடத்தில் ஸ்டென்ட் வைத்து, சாயங்காலம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து நலம் விசாரிக்க வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நல்ல காரியம்தான். பிழைத்தாரே, அது போதும், அதில் அவளுக்கு என்ன கோபம்? அதில் இல்லை. ஒருத்தர்கூட அன்றைக்கு அவரைப் பார்த்து, இது கேஸ், வாயுப் பிடிப்பா இருக்கும், கவலையா இருக்கும், ஒரு வாரம் பாப்போம் என்று சொல்லவில்லையே, அதில்தான்.

அவளுக்குச் சொன்னார்கள். தொழிற்சாலை மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, அது துணிக்கட்டுக்கு, ஆட்களுக்குப் படி. இரண்டாவது திருப்பத்தில் வரும் வலி, நெஞ்சில்கூட இல்லை, தாடைக்குக் கீழே ஒரு பிடிப்பு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவதுபோல, நின்றால் போய்விடும், ஏறினால் வந்துவிடும். சூப்பர்வைசர் மேலே நின்றுகொண்டு கடிகாரத்தைக் காட்டுவான், "என்னக்கா, ஏறத்தான் வலிக்குது, டீக்கு எறங்கும்போது வலிக்க மாட்டேங்குது" என்பான், சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரித்துவைத்தாள், சிரித்ததை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அப்புறம் அந்த டாக்டர், தலைமுடியெல்லாம் நரைத்த பெரிய டாக்டர், எழுதுகிற தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "வயசென்ன, அம்பத்து மூணா, பீரியட்ஸ் நின்னுடுச்சா, அப்ப இது கேஸும் கவலையும்தான், ஒண்ணுமில்லம்மா" என்றார். கேஸ் டாக்டர் என்று அவள் பேர் வைத்தாள், வைத்து என்ன, அவர் எழுதிக்கொடுத்த சிரப்பை எட்டுப் புட்டி குடித்தாள். ஒண்ணுமில்ல. அந்த வார்த்தைக்கு வீட்டில் கால் முளைத்துவிட்டது. ராத்திரி திரும்பிப் படுத்தால் ஒண்ணுமில்ல தூங்கு, சந்தைப் பையைத் தூக்க முடியாமல் நின்றால் ஒண்ணுமில்ல மெதுவா வா. நாத்தனார் வந்திருந்தபோது சமையலறை வாசலிலேயே நின்று, அவள் காதில் விழட்டும் என்றே, "எங்கண்ணனுக்கு வந்ததப் பாத்து அண்ணிக்கும் ஆச வந்துடுச்சு போல" என்றாள். ஆசை. நெஞ்சுவலிக்கு ஆசைப்படுகிறவள் உலகத்தில் உண்டா? கையில் கரண்டி இருந்தது, கீழே வைத்துவிட்டாள், வைத்திருக்கக் கூடாது.

சண்டை போட்டுத்தான் அந்த ஓடுகிற பரிசோதனைக்கு எழுதி வாங்கினாள், நெஞ்சில் வயர் ஒட்டி ஒரு பட்டை மேல் நடக்கவிடுவார்களே, அது. நடந்தாள், வேகம் கூட்டினார்கள், நடந்தாள், வலி வரும் வரும் என்று பார்த்தாள், வரவே இல்லை, பாழாய்ப்போன வலி, வேண்டாத நேரத்தில் எல்லாம் வந்து நின்ற வலி சாட்சி சொல்ல வேண்டிய நாளில் ஓடிப்போய்விட்டது. கேஸ் டாக்டர் முதல் பக்கத்தைப் பார்த்து, "பாத்தீங்களா, நார்மல்" என்று ஃபைலை மூடினார். அன்றோடு அவள் வாய் அடைபட்டது. நார்மல் என்று மிஷினே சொல்லிவிட்டதே, இனி என்ன பேச்சு? அதற்குப் பிறகு அவள் சொல்வதையே நிறுத்திவிட்டாள், இரண்டாவது திருப்பத்தில் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து நின்றுகொள்வாள், பத்து மாதம் அப்படிக் குனிந்திருக்கிறாள், போன மாதம் முதல் திருப்பத்திலேயே குனிய வேண்டி வந்தபோதுதான் யாரிடமும் சொல்லாமல் வேறொரு கிளினிக்குக்குப் போனாள். அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண், டாக்டர் என்றே தோன்றவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது, எத்தனாவது படியில வருது, நின்னா எத்தன நிமிஷத்துல போகுது, தாடைல எந்தப் பக்கம் என்று. கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை வரவேண்டியது, கோபம்தான் வந்தது, இதைக் கேட்க இத்தனை நாளா என்று. "படம் எடுத்துப் பாத்துடலாம்மா. குழாய் சுத்தமா இருந்தா வேற காரணம் தேடுவோம். கொஞ்சம் அடைப்புன்னா மாத்திரையே போதும். மோசமான எடத்துல இருந்தா ஸ்டென்ட்டா ஆபரேஷனான்னு அப்ப பேசுவோம். பாக்காம நானா ஒண்ணும் சொல்ல மாட்டேன். பழைய ரிப்போர்ட் எல்லாம் அன்னிக்கு எடுத்துட்டு வாங்க." பாக்காம நானா ஒண்ணும் சொல்ல மாட்டேன்... இந்த ஒரு வரி பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒருத்தர் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாதா?

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றாள் நர்ஸ், மறுபடி வந்து கிளிப்பை மாட்டி. "ஏறுதேம்மா. சரி, மாத்திரை போட்டுப் பாக்கலாம். ஆஸ்துமா கீஸ்துமா இருக்கா? இதுக்கு முன்னாடி இந்த மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?" உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ரோஸ் நிறம், வட்டம், நடுவில் ஒரு கோடு. "இல்ல" என்றாள் அவள், வாய் தானாகச் சொன்னது, தண்ணீரை வாயில் ஊற்றி விழுங்கினாள், விழுங்கும்போதே தெரிந்துவிட்டது. இந்த மாத்திரையை அவளுக்குத் தெரியாதா? மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஏழு நாளுக்கு ஏழு குழி உள்ள கணவருடைய மாத்திரை டப்பாவை நிரப்புகிறவள் அவள், வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸில் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே சொல்லிவிடுவாள். படபடப்பு மாத்திரை என்று அதற்கு வீட்டில் பேர். அதைச் சாப்பிட்டும் இருக்கிறாள். ஒரு தடவை. ஒரே தடவை. அந்த ஓடுகிற பரிசோதனை அன்றைக்குக் காலையில், வியாழக்கிழமை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் டப்பாவைத் திறந்து எடுத்து வந்து கையில் வைத்தார், படபடன்னு இருக்கே, இதப் போட்டுக்கோ, எனக்கு நல்லா கேக்குது என்றார். போட்டுக்கொண்டாள்.

அப்படியானால்... அப்படியானால் என்ன? இதயத்தை ஓடவிடாமல் பிடித்துவைக்கிற மாத்திரை, இப்போது நர்ஸ் அதற்குத்தானே கொடுக்கிறாள், அதைப் போட்டுக்கொண்டு போய்த்தான் இதயம் எவ்வளவு ஓடும் என்று பார்க்கிற பரிசோதனையில் ஏறி நின்றாளா? சாட்சியின் வாயில் துணியை வைத்து அடைத்துவிட்டு அதனிடமே கேள்வி கேட்டிருக்கிறார்கள். "அந்த ஃபைலக் குடுங்க" என்றாள். குரல் எப்படி இருந்ததோ, அவர் எதிரே இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அதே நார்மல், மாறுதல் ஏதும் இல்லை. திருப்பினாள். இரண்டாம் பக்கத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை, சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் ஒருநாளும் விடாதவள், தன்னுடைய காகிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பொடி எழுத்தில் இருந்தது. இலக்குத் துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு, எட்டியது நூற்றுப் பதினெட்டு, இலக்கு எட்டப்படாததால் முடிவு உறுதியானதல்ல, வேறு பரிசோதனை தேவைப்படலாம். உறுதியானதல்ல. இத்தனை மாதம் அவளை மடக்கிப் போட்ட நார்மலுக்குப் பின்பக்கத்திலேயே உறுதியானதல்ல என்று எழுதி ஒட்டியிருக்கிறது, கேஸ் டாக்டருக்கு ஒரு தாளைத் திருப்பக் கை வரவில்லை. அவர் மேசை மேல் இதை விட்டெறிய வேண்டும், அந்த மூஞ்சியில் ஓர் அம்புக்குறி ஒட்ட வேண்டும்.

"என்னாச்சு?" என்றார் கணவர். "அந்த டெஸ்ட் அன்னிக்குக் காலைல எனக்கு ஒரு மாத்திரை குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள். அவருக்கு நினைவில்லை, பிறகு வந்தது, "ஆமா, நீ படபடத்து நின்னே, பாக்கச் சகிக்கல, அதான் என்னோடதுல ஒண்ணு... அது நல்ல மாத்திரதானே" என்றார். நல்ல மாத்திரைதானே. மெதுவாகத்தான் விளக்கினாள், நர்ஸ் சொன்னதை, இரண்டாம் பக்கத்தை, ஒவ்வொன்றாக, அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தப் பொடி எழுத்தில் விரலை வைத்துப் படித்தார், விரல் ஓரிடத்தில் நின்றது. "அப்ப அந்த நார்மல் நார்மல் இல்லியா?" என்றார். முகம் வெளுத்துப் போயிற்று. இந்த முகத்தைத்தானே அவள் ஒரு வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்டாள், எனக்கு ஒன்று என்றால் இந்த மனுஷன் பதறுவாரா என்று, இதோ பதறுகிறார், ஏன் இது போதவில்லை? உங்கள் அன்பால்தான் நான் நாசமாய்ப் போனேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை, ஏனென்றால் அவருடைய விரல் நின்ற இடத்துக்கு அடுத்த வரி அவள் கண்ணில் பட்டுவிட்டது. மருந்துகள்: எதுவும் இல்லை, நோயாளி கூறியது.

நோயாளி கூறியது. கேட்டார்கள், ஆமாம், கேட்டார்கள், வயர் ஒட்டிய பையன் கையில் அட்டையை வைத்துக்கொண்டு, "மாத்திர ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டான், அவள்தான் ஒண்ணுமில்ல என்றாள். ஏன் சொன்னாள்? மறைக்க வேண்டும் என்றா? அதெல்லாம் இல்லை. மாத்திரை அவருடையது, டப்பா அவருடையது, சீட்டில் எழுதியிருப்பது அவர் பேர், அவளுக்கென்று ஒரு மாத்திரையும் கிடையாது, அவளுக்கு எதுவும் இல்லை என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது பாடமாகியிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வியாழக்கிழமைக் குழியில் ரோஸ் மாத்திரை குறைகிறதே, அவர் காலை மாத்திரையைத் தவறவிட்டுவிடுவாரே என்று மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துப் போட்டு அவர் கையில் கொடுத்ததும் அவள்தான், அப்போதாவது மண்டையில் உறைத்ததா? அவருக்கு ஒன்று குறைந்தால் உடனே தெரிந்தது. தனக்கு ஒன்று கூடினது தெரியவில்லை. இவ்வளவு நேரம் கேஸ் டாக்டர் மேல், சூப்பர்வைசர் மேல், நாத்தனார் மேல், இந்த மனுஷன் மேல் என்று பங்கு போட்டு வைத்திருந்த கோபம் இப்போது யார் மேல் போவது என்று தெரியாமல் நின்றது. தன் மேல் போக அதற்கு மனசில்லை, ஏன் போக வேண்டும், தாளைத் திருப்பாதது கேஸ் டாக்டர்தானே, அவர் படித்த படிப்புக்குத் திருப்பத் தெரியாதா?

"டாக்டர்கிட்ட இதச் சொல்லணும்" என்றார் கணவர். "நான் சொல்லிக்குறேன்." "இல்ல, நானும்..." "நான் சொல்லிக்குறேன்னு சொல்றேன்ல" என்றாள், எதிரே இருந்தவர் தலையைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த வரைபடத்தைப் படிக்க ஆரம்பித்தார். எழுபத்தாறு என்றாள் நர்ஸ். அப்புறம் எழுபது. உள்ளே கொதிக்கிறது, கொதிப்பு ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை, ஆனால் நெஞ்சு மட்டும் நிதானமாக, பெஞ்சில் சாய்ந்து வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி தட்டிக்கொண்டிருந்தது, இது என்ன அநியாயம், தன்னுடைய கோபத்துக்குத் தன்னுடைய இதயமே கூட வரவில்லை. அந்த ஓடுகிற பரிசோதனை அன்றும் இப்படித்தான் இருந்திருக்கும். "அறுபத்திமூணு, சூப்பர், வாங்கம்மா" என்று நர்ஸ் கையைப் பிடித்து எழுப்பினாள். கணவரும் எழுந்தார், கதவு வரை வந்தார், அங்கியின் மிச்சக் கயிற்றைக் கையில் எடுத்து முடிச்சுப் போடப் பார்த்தார், போட எதிர்க் கயிறு இல்லை, இரண்டு விரலால் துணியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார், நர்ஸ் நீங்க இங்கயே இருங்க சார் என்றபோதுதான் விட்டார்.

அறைக்குள் குளிர். பெரிய வளையம், அதற்குள் போய்வருகிற ஒரு மெல்லிய படுக்கை, நெஞ்சில் மூன்று வயர், இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டச் சொன்னார்கள், நாக்குக்கு அடியில் ஏதோ மருந்தைப் பீச்சினார்கள், தலைக்குள் விண்ணென்றது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் டெக்னீஷியன், அவர் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது. "மருந்து போகும்போது உடம்பெல்லாம் சூடாகும்மா, ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரிகூட இருக்கும், பயப்படாதீங்க, போயிருக்க மாட்டீங்க. மூச்ச இழுத்துப் பிடிங்கன்னா பிடிக்கணும், அசையக் கூடாது." வளையம் உறுமத் தொடங்கியது. சூடு முழங்கையில் ஏறி, தொண்டைக்கு வந்து, வயிற்றில் இறங்கி, அவர் சொன்ன இடத்துக்கும் போனது. மூச்சை இழுத்துப் பிடித்தாள். இருக்கட்டும், என்றாள் மனசுக்குள். இருக்கட்டும், இன்னும் ஒரு தடவை, நன்றாகத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும், அவருக்குத் தொண்ணூறு என்றால் எனக்குத் தொண்ணூற்றைந்து, கேஸ் டாக்டர் மேசையில் அந்தப் படத்தைப் போட வேண்டும், நாத்தனார் கையில் கொடுக்க வேண்டும், இந்தா நீ சொன்ன ஆசை, அம்பு இருக்கு பார் என்று... எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அடைப்பைக் கேட்கிறாள். தன் நெஞ்சில், தன் குழாயில், ஓர் அம்பு வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டிருக்கிறாள், நாத்தனார் சொன்னது கடைசியில் பலித்துவிட்டதா? "மூச்ச விடலாம்" என்றது குரல்.

படுக்கை வெளியே நழுவி வந்தது. கைகளை இறக்கச் சொல்ல யாரும் வரவில்லை. தலையைச் சற்றே திருப்பினால் கண்ணாடி வழியாக டெக்னீஷியன் தெரிந்தார், நடுவயது, திரையைப் பார்த்து மவுஸை உருட்டிக்கொண்டிருந்தார், உருட்டினார், உருட்டினார், கை நின்றது. கொஞ்சம் பின்னால் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்து, மறுபடி நின்றது. அவளுக்கு அந்தக் கையைத் தெரியும். மேசை மேல் சட்டை சட்டையாகத் தள்ளிக்கொண்டே போகிற அவளுடைய கை அப்படித்தான் நிற்கும், இடது கை துணியைப் பிடித்துக்கொள்ள வலது கை ஸ்டிக்கர் தாளுக்குப் போகிற நேரம் அது. இல்லை, கை வலித்திருக்கும், வேறு யாருடைய படமோ, என்னவோ. அவர் எழுந்து கதவைத் திறந்து வந்தார், பிளாஸ்டரை உரித்து ஊசியை எடுத்தார், பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிச்சுக்குங்கம்மா" என்றார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள், அவர் பஞ்சைப் பார்த்தார். "என்ன தெரிஞ்சுதுங்க?" "டாக்டர் பாத்துச் சொல்வாங்கம்மா." "சும்மா சொல்லுங்க, ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டது தன்னுடைய குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவர் அதற்கும், "டாக்டர் சொல்வாங்க" என்று அங்கியின் விட்டுப்போன தையலைக் கையால் சேர்த்து மூடிவிட்டார். கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், இருந்தது, எங்கேயும் போகவில்லை, அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. பதினான்கு மாதம் அவள் கேட்காமலே எல்லோரும் அள்ளி அள்ளிக் கொடுத்த அந்த ஒரு வார்த்தை, இன்று அவளாக வாய்விட்டுக் கேட்கிறாள், ஒருவரும் தருவதாக இல்லை.